ஆபரேஷன் நடுவுல ரத்தத்தைச் சுத்தம் பண்ற குழல்: அது டயாலிசிஸா?

ஏற்காட்டுல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. "அப்பாவுக்கு நெஞ்சுவலின்னு ராத்திரி ரத்தம் கட்டாம இருக்க ரெண்டு டிக்காக்ரெலர் மாத்திரை கொடுத்தாங்க. அப்புறம் ஸ்கேன்ல பார்த்தா இதயத்துல இருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய், மகாதமனி, கிழிஞ்சிருக்கு. சேலம் கொண்டாந்து ஆபரேஷன் பண்ணும்போது ரத்தத்தைச் சுத்தம் பண்ண ஒரு குழல் மாட்டினாங்களாம். கிட்னி நல்லாத்தானே இருக்கு, எதுக்கு டயாலிசிஸ்?"

அது டயாலிசிஸ் இல்லம்மா. டயாலிசிஸ்ல யூரியா மாதிரி கழிவு ஒரு சவ்வைத் தாண்டி, அந்தப் பக்கம் ஓடுற திரவத்துல கலந்து போயிடும். இதுல திரவமே கிடையாது, எல்லாம் ஒட்டிக்கிற வேலைதான். சேலத்துக்காரங்களுக்கு ஜவ்வரிசியைச் சொன்னா புரியும். குழலுக்குள்ள ஜவ்வரிசியை விடப் பொடியான பாலிமர் மணிங்க நிறைஞ்சிருக்கும். ஒவ்வொரு மணியும் பஞ்சு மாதிரி உள்ள பூரா ஓட்டை. 300 மில்லி குழல்தான், ஆனா அந்த ஓட்டைச் சுவரையெல்லாம் விரிச்சா 40,000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 10 ஏக்கர்! ரத்த அணுக்கள் பெருசு, அந்த ஓட்டைக்குள்ள போகாது. டிக்காக்ரெலர் போயி ஒட்டிக்கும். ஆபரேஷன்ல இதயம், நுரையீரல் வேலையைப் பார்க்கிற ஹார்ட்-லங் மெஷின்ல பக்கவாட்டுல மாட்டிடுவாங்க, ஆபரேஷன் நடக்க நடக்க ரத்தம் அது வழியாச் சுத்தி வரும்.

மாத்திரை கொடுத்தவங்களைக் கோபிக்காதீங்க. மாரடைப்பும் தமனிக் கிழிசலும் வலியில ஒண்ணு போலவே இருக்கும். ஆனா ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணுக்களை டிக்காக்ரெலர் வேலை செய்ய விடாது. அப்படிப்பட்ட உடம்புல தமனியைத் தைச்சா, தையல் போட்ட ஒவ்வொரு இடத்துலயும் ரத்தம் கசிஞ்சுட்டே இருக்கும். மருந்து இறங்க நாள் கணக்கா காத்திருக்கவும் முடியாது, கிழிசல் மணிக்கு மணி ஆபத்து. அதனாலதான் இந்தக் குழல். ஐரோப்பாவுல 2020லயே டிக்காக்ரெலரை எடுக்க இதுக்கு அனுமதி கொடுத்துட்டாங்க. ரத்தம் கட்டாம இருக்கக் கொடுக்கிற மத்த மாத்திரைங்க க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரினுக்கு இது உதவாது. அதுங்க பிளேட்லெட்டை ஒரேயடியா முடக்கிடும், ரத்தத்துல இருக்கிற மருந்தை எடுத்தும் பிரயோஜனமில்ல.

"இந்தக் குழல் அழற்சியைக் குறைக்கும், ஆபரேஷன் பண்ற எல்லாருக்கும் போடலாமா"ன்னு சிலர் கேக்குறாங்க. நான் போடச் சொல்ல மாட்டேன். இதய வால்வுல கிருமித் தொற்று வந்தவங்களை வச்சு ஜெர்மனியில பண்ணின ஆய்வு 2022ல வந்துச்சு. அழற்சிப் பொருள் சிலது குறைஞ்சுது, ஆனா உறுப்புகள் பாதிக்கப்படுறது குறையல. சில ஆன்டிபயாடிக்கையும் இது உறிஞ்சிடும், டோஸ் பார்த்துக் கொடுக்கணும்.

மலையில இருக்கிறவங்க ஒண்ணு செய்யுங்க. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர்ற அவசரத்துலயும் மாத்திரை அட்டையை மறக்காம எடுத்துக்கங்க. எத்தனை மணிக்குப் போட்டதுன்னு அந்த அட்டை மேலயே பேனாவால எழுதிடுங்க.