வெட்டிய மரத்தின் பக்கம் நின்று பேசுகிறேன்

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியவர்களே, எதிரணி அண்ணன் அக்காமாரே, எல்லோருக்கும் வணக்கம். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் வைக்கும் மரத்தில் பூமிக்குக் கேடு குறைந்தது எது, பண்ணையில் வெட்டிய மரமா, பெட்டியில் வரும் பிளாஸ்டிக் மரமா? இதுதான் தலைப்பு. நான் வெட்டிய மரத்தின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா, "ஒரு உயிரை வெட்டிக் கொண்டுவந்து மூன்று வாரம் அழகு பார்த்துவிட்டுத் தெருவில் போடுவதா பசுமை?" என்று கேட்டதும் கைதட்டல் பறந்தது. ஆனால் அந்த மரம் எங்கிருந்து வந்தது என்று அக்கா சொல்லவே இல்லையே! காட்டில் இருந்து வரவில்லை நடுவர் அவர்களே. நாம் வாழும் இந்த அமெரிக்காவில் வருடத்துக்கு இரண்டரைக் கோடியிலிருந்து மூன்று கோடி நிஜ மரங்கள் விற்கின்றன, அநேகமாக எல்லாமே ஓரிகன், வட கரோலினா போன்ற மாநிலங்களில் இதற்கென்றே நட்டு வளர்த்தவை. ஒரு மரம் ஆறேழு அடி வளர ஏழெட்டு வருடம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். அப்படியென்றால் இந்த டிசம்பரில் ஒன்றை வெட்டும்போது, அடுத்த வருடத்துக்கு, அதற்கடுத்த வருடத்துக்கு என்று பல மரங்கள் நிலத்தில் நின்றாக வேண்டும், நிற்கின்றன, நாடு முழுக்கச் சுமார் 35 கோடி. வெட்டிய இடத்தில் குளிர் போனதும் மறுபடி கன்று நடுகிறார்கள். நாம் எல்லோரும் பிளாஸ்டிக்குக்கு மாறினால் அந்தப் பண்ணைக்காரர் எதற்காகக் கன்று நடப்போகிறார்? வீடு கட்டுகிறவர் வந்து விலை கேட்டால் நிலத்தைக் கொடுத்துவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பூச்சிமருந்து அடிக்கிறார்களே என்றார் அண்ணன். அடிக்கிறார்கள். ஃப்ரேசர் ஃபர் என்ற கிறிஸ்துமஸ் மர வகைக்குப் பூச்சித் தொல்லை உண்டு, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் பண்ணைக்கே போய் வெட்டிக்கொள்கிற வசதி பல ஊர்களில் இருக்கிறது, வளர்த்தவரிடமே நேரில் கேட்டு வாங்கலாம். பிளாஸ்டிக் மரத்தில் எதைக் கலந்தார்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது? பெரும்பாலும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக், அதை இரும்புக் கம்பியில் முறுக்கிச் சுற்றி, சீனாவில் இருந்து கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். பழைய மரங்களில் அந்த பி.வி.சி. கெட்டுப்போகாமல் இருக்க ஈயமும் சேர்த்திருக்கிறார்கள். அதன் அடியில்தான் குழந்தைகள் உட்கார்ந்து பரிசைப் பிரிக்கிறார்கள்.

சரி, எதிரணியின் பலமான வாதத்துக்கு வருகிறேன். "ஒரு தடவை வாங்கினால் பத்து வருடம் வைத்துக்கொள்ளலாமே!" பிரிட்டனில் கார்பன் டிரஸ்ட் என்ற அமைப்பு இதற்குக் கணக்கு போட்டிருக்கிறது. இரண்டு மீட்டர் பிளாஸ்டிக் மரம் என்றால் அதனால் காற்றில் சேர்வது சுமார் 40 கிலோ கரியமில வாயு. அதே உயர நிஜ மரத்தை முடிந்ததும் அரைத்து மண்ணில் போட்டாலோ எரித்தாலோ மூன்றரைக் கிலோதான். ஆக, பதினோரு கிறிஸ்துமஸுக்கு மேல் அதே பிளாஸ்டிக் மரத்தை எடுத்து வைத்தால்தான் எதிரணியின் கணக்கு நேராகும். இந்த அவையில் எத்தனை வீட்டில் ஒரே மரம் பதினோரு வருடம் ஓடியிருக்கிறது? அப்படி ஓடாமல் போவதற்கு ஒரு பெரிய காரணம் விளக்கு. இப்போது கடையில் விற்கும் பிளாஸ்டிக் மரங்களில் நிறைய, கிளையோடு கிளையாகச் சீரியல் லைட்டையும் சேர்த்துச் சுற்றியே வருகின்றன. நாலாவது வருடம் நடுவில் ஒரு வரிசை எரியாது. பல்பு பல்பாகக் கழற்றிப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? மரம் மொத்தமாகக் குப்பைக்குப் போகிறது. கம்பியும் பிளாஸ்டிக்கும் பிரிக்க முடியாமல் பின்னிக்கிடப்பதால் வீட்டு மறுசுழற்சித் தொட்டியிலும் அதை எடுக்க மாட்டார்கள்.

விளக்கு என்று வந்துவிட்டதால் இரு அணிக்கும் பொதுவான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு உண்மையிலேயே கவலை. கிறிஸ்துமஸ் சமயத்தில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இரவு வெளிச்சம் 20 முதல் 50 சதவீதம் கூடுகிறது என்று 2014-இல் நாசா செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சொன்னது. அதிகம் கூடுவது ஊருக்குள் இல்லை, நம்மைப் போன்றவர்கள் வீடு வாங்கியிருக்கும் புறநகர்களில். கூரை ஓரத்தில் போடும் பழைய பெரிய பல்பு ஒன்று 7 வாட். நூறு பல்பு, தினம் ஆறு மணி நேரம், ஒரு மாதம் என்றால் 126 யூனிட். எல்.இ.டி.க்கு அதில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் இருந்தாலே போதும். ஆனால் எல்.இ.டி. மலிவு என்று வருடா வருடம் புதுச் சரம் வாங்கினால் அதற்கும் அர்த்தமில்லை. பழுதான சரங்கள் மூட்டை மூட்டையாகச் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஷிஜியாவ் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே அரைத்துத் தாமிரத்தைப் பிரித்து, மிஞ்சிய பிளாஸ்டிக்கைச் செருப்பின் அடிப்பாகம் செய்யக் கொடுத்தார்கள். இயந்திரம் வருவதற்கு முன்னால் தாமிரத்துக்காகக் கம்பியைக் கொளுத்தித்தான் எடுத்தார்கள், அந்தப் புகையைச் சுவாசித்தவர்களும் மனிதர்கள்தானே.

மரத்துக்கே வருகிறேன். லூசியானாவில் ஜெஃபர்சன் பாரிஷ் பகுதியில் 1990-களில் இருந்து பண்டிகை முடிந்த மரங்களைச் சேர்த்து, கடலோரச் சதுப்பு நிலத்தில் வேலிபோல அடுக்குகிறார்கள். அலையின் வேகம் குறைகிறது, வண்டல் படிகிறது, புல் முளைக்கிறது. நியூயார்க்கில் ஜனவரியில் பூங்காக்களிலேயே அரைத்துச் செடிகளுக்குத் தூளாகப் போடுகிறார்கள். பிளாஸ்டிக் மரத்தை வைத்து இதில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாது.

ஒரு இடத்தில் எங்கள் அணி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், அதையும் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். நிஜ மரத்தைக் குப்பைமேட்டில் புதைத்தால் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வந்து அந்த மூன்றரைக் கிலோ 16 கிலோவாகிவிடும். அதனால் ஜனவரியில் மரத்தை வெளியே வைக்கும்போது லைட்டையும் ஜிகினாவையும் முழுக்கக் கழற்றுங்கள், பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டாதீர்கள், ஊர் நிர்வாகம் என்றைக்கு எடுக்கிறது என்று பார்த்து அன்றைக்கு வையுங்கள். செயற்கைப் பனி தெளித்த மரத்தைப் பல ஊர்களில் அரைக்க எடுப்பதில்லை, அதை வாங்கவே வேண்டாம். மரத்துக்காக நூறு மைல் கார் ஓட்டவும் வேண்டாம், பக்கத்துப் பண்ணை போதும். அப்புறம், ஏற்கெனவே பிளாஸ்டிக் மரம் வாங்கிவிட்டவர்கள் என் பேச்சைக் கேட்டு நாளைக்கே அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், உடையும்வரை அதையே வையுங்கள். இனிமேல் புதிதாக எதை வாங்குவது என்ற கேள்விக்கு மட்டும் நடுவர் அவர்கள் எங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.