லித்தியம் 'கேட்கவில்லை' என்று தோன்றும்போது

[காட்சி: இரவு 2 மணி. மனைவி சமையலறையில் டப்பாக்களை எல்லாம் இறக்கிக் கழுவிக்கொண்டிருக்கிறார். கணவர் வாசற்படியில் நிற்கிறார்.]

மனம் அளவுமீறிப் பரபரக்கும் மனஎழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும், பைபோலார் எனப்படும் இருமுனை மனநோய் உள்ளவரின் துணைக்கு இந்தக் காட்சியின் பொருள் உடனே விளங்கிவிடும். மூன்று இரவுகளாகத் தூக்கம் குறைந்தும் அவரிடம் களைப்பு இல்லை. இந்நோய்க்காக ஆண்டுக்கணக்காகச் சாப்பிட்டுவரும் லித்தியம் மாத்திரை இப்போது கேட்கவில்லையோ என்ற ஐயம் எழுகிறது. மருந்தையே மாற்ற வேண்டிய நிலையும் வரலாம் என்றாலும், அதற்கு முன் மருந்தைச் சுற்றி என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதை மருத்துவரைவிட வீட்டில் இருப்பவரே நன்கு அறிவார்.

1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மனஎழுச்சிக்கு லித்தியம் பயன்படுவதை எழுதினார். பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் ரத்தப் பரிசோதனை கட்டாயமாகிறது. தொடர் சிகிச்சையில் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை, சிலருக்கு 1.0 வரை வைத்திருப்பது வழக்கம். கடைசி வேளை மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்தே ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனால், உண்மையில் குறைந்திருக்கும் அளவுகூடச் சரியாக இருப்பதாகக் காட்டிவிடும்.

[திரையில்: உப்பு ஜாடி, வலி மாத்திரை அட்டை.]

சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியத்தைப் போலவே கையாள்வதால், உப்பு திடீரென்று கூடினால் லித்தியம் வெளியேறும். உப்பைக் குறைத்தாலோ உடலில் நீர் வற்றினாலோ அது தேங்கும். மூட்டுவலிக்கு வாங்கிய டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவையும் அளவை உயர்த்தும். நெடுநாள் லித்தியத்தால் தைராய்டு சுரப்பு குறைந்து, அந்தச் சோர்வு மனச்சோர்வாகத் தோற்றமளிப்பதும் உண்டு. வேறொரு மருத்துவர் எழுதிக்கொடுத்த மனச்சோர்வு மாத்திரையே சிலரை மனஎழுச்சியில் தள்ளிவிடும்.

எனவே, பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே தூங்கிய நேரத்தையும் புதிய மாத்திரைகளையும் குறித்து வைத்து, அதை மருத்துவரிடம் காட்டுங்கள். கோபப்படும் ஒவ்வொரு முறையும் "மாத்திரை போட்டியா?" என்று கேட்காதீர்கள், நியாயமான கோபத்தையும் நோயாக்கிவிடும் கேள்வி அது. "மூணு நாளா நீ சரியாத் தூங்கல, எனக்குக் கவலையா இருக்கு, டாக்டரைப் பாத்துட்டு வரலாமா?" என்பது வேறு. இதை எப்படிச் சொல்வது என்று அவர் நலமாக இருக்கும் நாளிலேயே இருவரும் பேசி வைத்துக்கொள்ளலாம்.

மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். கை பலமாக நடுங்குதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குழறல், தள்ளாட்டம் ஆகியவை லித்தியம் மிகுந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம் என்பதால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தற்கொலைப் பேச்சு எழுந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். இந்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

[காட்சி: ஆய்வகம், காலை 8.30. இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் ஆகியிருக்கிறது. மனைவி கையை நீட்டுகிறார். காலை மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும் கணவரின் பையில் காத்திருக்கின்றன.]