கல் காய்ந்த பிறகு

வணக்கம்.

மழை விட்ட ரோட்டில், பஸ் நின்றுவிட்டுப் போன இடத்தில், ஒரு சொட்டு டீசல் ஊதாவும் பச்சையுமாக வளையம் வளையமாகப் படர்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். டீசலுக்கு அந்த நிறம் கிடையாது. படலம் அவ்வளவு மெல்லிசு. மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலந்து காட்டும் வேடிக்கை அது. கண்ணாடித் துண்டின் மேல் குறைக்கடத்திப் பொருளை, அதாவது மின்சாரத்தை உலோகம்போலத் தாராளமாகவும் விடாமல், ரப்பர்போல முழுக்கவும் மறிக்காமல் நடுவில் நிற்கிற பொருளை, அதே கனத்துக்குப் படிய வைப்பதுதான் முப்பது வருஷமாக என் பிழைப்பு. உங்கள் தலைமுடி ஒன்றை எடுத்து, அதன் கனத்தை நூறு பங்காகச் சீவினால் ஒரு பங்கு எவ்வளவு இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு கனம்.

இது எதற்கு ஆகும் என்று கேட்பீர்கள். பொழுது சாய்ந்ததும் தானாக எரிகிற விளக்குகள் சிலவற்றில் பொத்தான் அளவுக்கு ஒரு வில்லை இருக்கும், அதன் முகத்தில் பாம்பு நெளிந்தாற்போல ஒரு கோடு. காட்மியம் சல்பைடு படலம் அது. வெளிச்சம் பட்டால் மின்சாரத்தைத் தாராளமாக விடும், இருட்டினால் மறிக்கும். பொருள் ஒன்றுதான். ஆனால் அது எப்படிச் செய்யப்பட்டது, எப்படிச் சூடாக்கப்பட்டது என்பதைப் பொறுத்து ஒரு வில்லை வேலை செய்யும், இன்னொன்று சும்மா மஞ்சள் பூச்சாகக் கிடக்கும். இன்றைய பேச்சு முழுக்க அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

நான் அதிகம் செய்தது தெளிப்பு முறை. தோசை வார்க்கத் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி தெரியும். வெள்ளீயக் குளோரைடைச் சாராயத்தில் கரைத்து, சூடான கண்ணாடி மேல் காற்றழுத்தத்தோடு பன்னீர் தெளிப்பதுபோலத் தெளிப்போம். கண்ணாடி 400, 450 டிகிரியில் காய்ந்துகொண்டிருக்கும். கல் காயவில்லையென்றால் துளி ஈரமாகவே விழுந்து, காய்ந்தபின் விளிம்பில் கறை கட்டும், காப்பி டம்ளர் வைத்த இடம் மாதிரி. அதிகமாகக் காய்ந்துவிட்டால் துளி வழியிலேயே வற்றி மாவாக உதிரும், விரல் பட்டால் கையோடு வந்துவிடும். ஈரம் போயும் போகாமலும் துளி கண்ணாடியைத் தொடுகிற அந்த ஒரு பதத்தில்தான் வெள்ளீய ஆக்சைடு கெட்டியாக ஒட்டிக்கொண்டு வளரும். அப்படிப் படிந்த படலத்தின் ஊடே எதிரில் இருப்பவர் முகம் தெரியும், மின்சாரமும் பாயும். தண்ணீர் தெளித்தால் தோசைக்கல் ஆறுமே, அதேபோலத் தெளிக்கத் தெளிக்கக் கண்ணாடியும் ஆறும். கொஞ்சம் தெளி, நிறுத்து, மறுபடி சூடேறட்டும், மறுபடி தெளி. பொறுமை இல்லாதவர்களை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொரு முறை தொட்டிக் குளியல். காட்மியம் உப்பும், கந்தகம் தருகிற தயோயூரியாவும், அமோனியாவும் கலந்த வெந்நீரில் கண்ணாடியை நிறுத்திவைத்தால் போதும், காட்மியம் சல்பைடு மெல்ல ஏறும். அமோனியா காட்மியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிடுகிறது. அந்தப் பிடி தளர்ந்தால் பால் திரிவதுபோலத் தொட்டி முழுக்கத் திரிந்துபோகும், கண்ணாடியில் ஏறுவது வெறும் சேறு. காட்மியம் விஷம் என்பதால், கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்கள் யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

இனி சூட்டுக்கு வருகிறேன். இதில் எனக்கு ஒரு பழைய கதை உண்டு.

ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த முதல் வருஷம். வெள்ளீய ஆக்சைடு படலங்களை ஃபர்னஸில் வைத்து, 400 டிகிரி, ஒரு மணி நேரம் என்று நோட்டில் எழுதிவைத்துச் சூடாக்குவேன். பிறகு மல்டிமீட்டரை வைத்து மின்தடை பார்ப்பேன். காலையில் வைத்த துண்டுகளுக்குத் தடை அதிகமாகக் காட்டும், மாலையில் வைத்தவற்றுக்குக் குறைவாகக் காட்டும். ஒரே கரைசல், ஒரே கண்ணாடி, ஒரே 400 டிகிரி. மின்சார வோல்டேஜ் ஏறி இறங்குகிறதா, கரைசல் பழசாகிறதா, மதிய வெயிலா என்று மூன்று வாரம் மண்டையைக் குழப்பிக்கொண்டேன். மல்டிமீட்டரின் பேட்டரியைக்கூட மாற்றினேன்.

எங்கள் ஆய்வகத்தில் வயதான உதவியாளர் ஒருவர் இருந்தார். கண்ணாடி கழுவிக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார்: “தம்பி, காலையில வெச்சத அடுப்போட விட்டுட்டுச் சாப்பிடப் போறீங்க, ஆறின பொறவு எடுக்குறீங்க. சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்கு ஓடணும்னு சூட்டோட வெளிய எடுத்துடுறீங்க. ரெண்டும் எப்படித் தம்பி ஒண்ணாகும்?”

அதேதான். மாலையில் இடுக்கியால் எடுத்துச் செங்கல் மேல் வைப்பேன், சில நாள் கண்ணாடி ‘டிக்’கென்று விரிசல் விடும். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். எத்தனை டிகிரி என்று எழுதியவன், எவ்வளவு நேரம் என்று எழுதியவன், எப்படி ஆறியது என்று எழுதவே இல்லை.

காரணம் இதுதான். வெள்ளீய ஆக்சைடில் அங்கங்கே ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடங்கள் விட்டுக்கொடுக்கும் எலெக்ட்ரான்கள்தான் மின்சாரத்தைக் கடத்துகின்றன. காற்றில் நிதானமாக ஆறவிட்டால், படலம் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. ஒட்டிக்கொண்ட ஆக்சிஜன் எலெக்ட்ரானைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, தடை ஏறுகிறது. அவசரமாக வெளியே எடுத்தால் அதற்கு அவகாசம் இல்லை. கடைசி பஸ் என் படலத்தின் குணத்தைத் தீர்மானித்துக்கொண்டிருந்தது!

என்னைப் படுத்திய அதே ஆக்சிஜனை ஜப்பானில் நவோயோஷி தாகுச்சி என்பவர் 1962ஆம் ஆண்டிலேயே வேலைக்கு வைத்துவிட்டார். சமையலறையில் காஸ் கசிந்தால் கத்துகிற அலாரங்கள் பலவற்றுக்குள் இருப்பது சூடேற்றிய வெள்ளீய ஆக்சைடுதான். கசிந்த காஸ், ஒட்டியிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். எலெக்ட்ரான் விடுபடும், தடை சரியும், அலாரம் கத்தும். எனக்குத் தலைவலி, அவருக்குக் காப்புரிமை.

சூடாக்குவதால் உள்ளே இன்னொன்றும் நடக்கிறது. புதிதாகப் படிந்த படலம் ரவை ரவையாக, குட்டிப் படிகங்களால் ஆனது. அதை ஒரு வயல்வெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படிகமும் ஒரு பாத்தி, இரண்டு படிகம் சேருமிடம் வரப்பு. பாத்திகள் சின்னச் சின்னதாக இருந்தால் எலெக்ட்ரான் அடிக்கு ஒரு வரப்பு ஏறி இறங்க வேண்டும். சூடாக்கினால் அணுக்கள் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்துப் பாத்திகள் சேர்ந்து பெரிதாகின்றன. வரப்பு குறைகிறது. காட்மியம் சல்பைடில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: எலுமிச்சை மஞ்சளாக உள்ளே போனது, ஆரஞ்சு சாயலோடு வெளியே வரும். அணுக்களின் அடுக்குமுறையும் மாறியிருக்கும். அதற்காகக் காற்றில் வைத்து மேலும் மேலும் சூடேற்றினால் கந்தகம் வெளியேறி, அந்த இடத்தில் ஆக்சிஜன் உட்கார்ந்து, கையில் இருப்பது வேறு பொருளாகிவிடும். பதம் தப்பிய பாகு மாதிரி, திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

ஆய்வேடுகளைத் திருத்தும்போதெல்லாம் நான் சண்டை போடுவது இதற்காகத்தான். “400 டிகிரியில் ஒரு மணி நேரம் பதப்படுத்தப்பட்டது” என்று ஒரு வரி இருக்கும். காற்றிலா, வெற்றிடத்திலா, நைட்ரஜனிலா? எவ்வளவு வேகத்தில் ஏற்றினாய்? அடுப்போடு ஆறியதா, வெளியே எடுத்தாயா? சூடு என்பது ஒரு எண் மட்டும் இல்லை. போன மாதம்கூட ஒரு பெண்ணிடம் இதையே கேட்டேன். “சார், எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க” என்றாள். உண்மைதான், எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

நேரம் போய்க்கொண்டிருக்கிறது, ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, மீதி எத்தனை நிமிடம் என்று காட்டும் விரல்கள் தெரிகின்றன. காட்மியம் டெலுரைடு பற்றிச் சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன். சென்னைக்குப் பக்கத்தில் பிள்ளைப்பாக்கத்தில், 2024 ஜனவரியில், அந்தப் பொருளில் சூரியத் தகடு செய்யும் பெரிய ஆலை ஒன்று திறந்தார்கள். படலத்தை அப்படியே படியவைத்தால் அது சுமாரான மின்கலம்தான். அதன்மேல் காட்மியம் குளோரைடு பூசி 400 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாக்கினால், வெளிவரும் மின்சாரம் இரண்டு மடங்குக்கு மேல் உயரும். வரப்பில் நண்டு வளை இருந்தால் தண்ணீர் வீணாக ஒழுகிப் போகுமே, குளோரின் போய் அந்த வளைகளை அடைக்கிறது. 2014இல் லிவர்பூல் ஆய்வாளர்கள், விஷமான காட்மியம் குளோரைடுக்குப் பதில் மக்னீசியம் குளோரைடே போதும் என்று காட்டினார்கள். சோயா பாலைத் திரித்து டோஃபு செய்யப் பயன்படும் உப்பு அது.

லேசரை வைத்து ஒரு நொடியில் பத்துக் கோடியில் சில பங்கு நேரத்துக்கு மட்டும் சூடாக்குவது, உங்கள் செல்போன் திரைக்குள் இருக்கும் சிலிக்கான் படலம், இதற்கெல்லாம் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். விரல் ஒன்றாகிவிட்டது. ஒன்று மட்டும்: அங்கே சூடு மேலே இருக்கும் சிலிக்கானை உருக்கிவிடும், ஆனால் கீழே இருக்கும் கண்ணாடிக்கு அது தெரியவே தெரியாது, அதற்குள்...

சரி, எழுந்திருக்கச் சொல்கிறார்கள். வணக்கம்.