படத்தை ஓடவிட்டுப் பக்கத்தில் நின்று கதை சொல்லுங்கள்

(தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் திறந்துவிட்ட ஐயா அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்களே, ஆசிரியப் பெருமக்களே, பின்னால் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து படம் எப்போது போடுவார்கள் என்று காத்திருக்கும் குழந்தைகளே, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடை வேண்டாம், பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் கொடுங்கள் என்று கேட்டிருந்தேன். பதினாறு புத்தகங்கள் மேடைக்கு வந்திருக்கின்றன. வாங்கி வந்த ஒவ்வொருவருக்கும் நன்றி. மைக் செட் போட்டுக்கொடுத்த தம்பிக்கும், அத்தனை பேருக்கும் சுக்குக் காப்பி வைத்த சத்துணவு அமைப்பாளர் அக்காவுக்கும் தனியாக ஒரு நன்றி.

சிறார் படங்களின் வழியாக மற்ற நாட்டு மக்களின் வாழ்க்கையைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று பேச அழைத்திருக்கிறீர்கள். மூன்று விஷயங்கள் பேசலாம் என்று வந்தேன். எந்தப் படம் காட்டுவது, எப்படிக் காட்டுவது, காட்டிய பிறகு வகுப்பில் என்ன செய்வது.

அதற்கு முன்னால் ஒன்று. நம் அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு சிறார் படம் திரையிடும் திட்டம் 2022-ல் வந்தது. மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அது 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டார்கள் நம் பெரியவர்கள். ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது, அதற்குப் படம் இல்லை. வேறு நாட்டு உடையைத் திரையில் பார்த்தால் ஏழாம் வகுப்புப் பையன் பக்கத்தில் இருப்பவனை இடித்துச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளை சிரிக்காது. "அது என்ன சார் தலையில?" என்று கேட்கும். அந்தக் கேள்வி இருக்கிற வயதிலேயே காட்டிவிட வேண்டும்.

சரி, எந்தப் படம்? முதலில் சின்னப் படம், பேச்சு குறைந்த படம். ஈரானில் குழந்தைகளுக்கென்றே 1965-ல் 'கானூன்' என்ற நிறுவனத்தை ஏற்படுத்தினார்கள். நூலகம், புத்தகம், அப்புறம் படம். அங்கேதான் அப்பாஸ் கியாரோஸ்தமி 1970-ல் தன் முதல் படத்தை எடுத்தார். ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் ஒரு பையனைச் சந்தில் ஒரு நாய் மறிக்கிறது. அவ்வளவுதான் கதை, பத்து நிமிடம்தான். நாய்க்குப் பயப்படாத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? பிரான்சில் 1956-ல் வந்த சிவப்பு பலூன் படம் 34 நிமிடம், அதிலும் வசனம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஜப்பானின் மியாசாகி 1988-ல் எடுத்த 'டோட்டோரோ' கொஞ்சம் பெரிய படம். அதில் அவசரமாக வீட்டுக்குள் போக வேண்டிய பெண் காலில் ஷூவோடு இருக்கிறாள். கழற்ற நேரமில்லை. பாதம் தரையில் படாமல் முட்டி போட்டே உள்ளே போகிறாள். செருப்பை வாசலில் விட்டுப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எப்படிக் காட்டுவது என்பதற்கு ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தேன். ஒன்று முதல் ஐந்து வரை மொத்தம் முப்பத்தொரு பிள்ளைகள். என் அக்கா மகன் எங்கிருந்தோ ஒரு புரொஜெக்டரை இரவல் வாங்கி வந்தான். திரைக்கு, சமையல் செய்யும் ஆயா வீட்டிலிருந்து இரண்டு வெள்ளை வேட்டி. ஜன்னலுக்கு அரிசிச் சாக்கு. படம், மஜித் மஜிதி 1997-ல் எடுத்த 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்'. ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் ஈரானியப் படம். அண்ணன் அலி, தங்கை ஜாராவின் ஷூவைத் தைக்கக் கொடுத்து வாங்கி வரும் வழியில் தொலைத்துவிடுகிறான். புது ஷூ வாங்க வீட்டில் காசில்லை. அங்கே பெண் பிள்ளைகளுக்குக் காலையில் பள்ளி, பையன்களுக்குப் பிற்பகலில். அவள் ஓடி வந்து அண்ணனின் ஷூவைக் கழற்றிக் கொடுக்க, அவன் மாட்டிக்கொண்டு ஓடுகிறான்.

முதல் பத்து நிமிடத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். படத்தை நிறுத்தி, ஈரான் எங்கே இருக்கிறது, தலைநகர் எது என்று கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். மறுபடி ஓடவிட்டால், கீழே ஓடும் ஆங்கில எழுத்தை மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தான். ஒரு சொல்லை முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது, முகத்தை அவன் பார்க்கவே இல்லை. அப்போதுதான் வேட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, படத்தில் வருகிறவர்கள் பேசப் பேச நான் தமிழில் சொன்னேன்.

ஒரு காட்சி. அப்பா வீட்டில் உட்கார்ந்து பள்ளிவாசலுக்காகச் சர்க்கரைக் கட்டியை உடைத்துக்கொண்டிருக்கிறார். மகள் தேநீர் கொண்டுவந்து வைக்கிறாள். சர்க்கரை எங்கே என்று கேட்கிறார். இவ்வளவு கிடக்கிறதே என்கிறாள் ஜாரா. இது பள்ளிவாசலுடையது, நம்மை நம்பிக் கொடுத்தது என்கிறார். நான் சொல்லி முடிக்கவில்லை, நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்துவிட்டாள். "எங்க அமுச்சியும் அப்படித்தானுங் சார். கோயில் பொங்கலுக்கு வெல்லம் தட்டுனா ஒரு துணுக்கு வாயில போட உடாது." அவ்வளவுதான், ஆளாளுக்குத் தங்கள் வீட்டு வெல்லத்தைப் பேச ஆரம்பித்தார்கள். டெஹ்ரானில் ஓர் ஏழை வீட்டுக்குள் முப்பத்தொரு பேரும் போய் உட்கார்ந்துவிட்டார்கள். தலைநகரின் பெயரை அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை, அவர்களே கேட்டார்கள்.

கடைசியில் ஓட்டப் பந்தயம். மூன்றாம் பரிசு ஒரு ஜோடி ஷூ. அலிக்கு மூன்றாவதாக வந்தால் போதும். ஓடிக்கொண்டிருக்கிறான், மின்சாரம் போய்விட்டது. இருட்டில் ஒரே கூச்சல். நான் நின்ற இடத்திலேயே நின்று மிச்சக் கதையைச் சொன்னேன். முதலாவதாக வந்துவிட்டான், ஷூ கிடைக்கவில்லை, கொப்புளித்த காலைத் தொட்டித் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று. இரண்டு மூன்று பேர் விசும்பினார்கள். அரைமணி கழித்து மின்சாரம் வந்ததும், கதை தெரிந்தும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. பார்த்து முடித்ததும் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "மீனு வந்து காலைச் சுத்துச்சே, அதை நீங்க சொல்லவே இல்லைங் சார்." திரையும் வேண்டும், சொல்கிற ஆளும் வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெளிவானது.

(இப்போது வந்து அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கு வணக்கம். வேறு நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். இந்தப் பள்ளிக்குக் குடிநீர்க் குழாய் போட்டுத் தந்தவர். அவர் காதில் விழ வேண்டிய செய்தியைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.)

கதை சொல்லி ஆட்கள் வேண்டும். நான் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தான். தமிழில் டப் செய்துவிடலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செய்தால் பாரசீகம் எப்படி ஒலிக்கும், ஜப்பானியத் தாய் பிள்ளையை எந்தக் குரலில் கூப்பிடுவாள் என்பது நம் பிள்ளை காதில் விழாது. வேறு மொழியைக் கேட்பதும் பாடம்தானே. ஐந்தில் வளையாதது என்று சொன்னேனே, அது காதுக்கும் பொருந்தும்.

இது புதிய யோசனையும் இல்லை. ஜப்பானில் ஊமைப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னவர்களுக்கு 'பென்ஷி' என்று பெயர். நடிகர்களுக்கு இணையான புகழ் அவர்களுக்கு. புகழ்பெற்ற ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் அண்ணன் ஒரு பென்ஷி. நம் ஊருக்கு வாருங்கள். திருச்சியில் ரயில்வே வேலை பார்த்த நம் கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, டென்ட் அடித்து ஊர் ஊராகக் காட்டினார். 1914-ல் அவர் கட்டிய வெரைட்டி ஹால், சாலையின் பெயராகக் கோவையில் இன்றும் இருக்கிறது. நம் நாட்டு ஊமைப் படக் கொட்டகைகளிலும் பக்கத்தில் ஆள் நின்று கதை சொன்னதுண்டு. உடுக்கடித்து விடிய விடிய அண்ணன்மார் கதை பாடுகிற மண் இது. நமக்கா கதை சொல்ல ஆள் இல்லை?

தொடக்கப் பள்ளிகளுக்கும் ஸ்மார்ட் போர்டு வந்துகொண்டிருக்கிறது. கருவி வந்துவிட்டது, ஆளைக் கொடுங்கள் என்கிறேன். ஒன்றியத்துக்கு இரண்டு கதைசொல்லிகள். சம்பளத்தோடு. ஊரில் கூத்துக் கட்டுகிறவர், பாட்டுச் சொல்கிற பாட்டி, வில்லுப்பாட்டு தெரிந்த இளைஞர், யாராக இருந்தாலும் சரி. வாரம் ஒரு பள்ளி, படத்தை முன்னாலேயே இரண்டு தடவை பார்த்துவிட்டு வர வேண்டும். மாதம் ஒரு படம் ஒன்றாம் வகுப்பிலிருந்தே. ஐந்தில் வளையட்டும் ஐயா, ஆறாம் வகுப்பு வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

மூன்றாவதாகச் சொன்னது, படம் முடிந்தபின் வகுப்பில் என்ன செய்வது. பிள்ளைகள் பேசட்டும், வரையட்டும், தேர்வு மட்டும் வைக்காதீர்கள். விரிவாகப் பேச நேரம் இல்லை, பின்னால் இருப்பவர்கள் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள்.

வாசலில் மேசைமேல் மனு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள், கைநாட்டும் செல்லும், மை டப்பா வைத்திருக்கிறோம். இப்போது அதே ஷூ படம்தான். இந்தப் பள்ளியின் இரண்டாம் வகுப்பு டீச்சர் கதை சொல்லப்போகிறார்கள், நேற்று ராத்திரி மூன்றாவது தடவையாகப் பார்த்திருக்கிறார்கள். தம்பி, அந்த மைக்கை அவர்களிடம் கொடு. விளக்கை அணைக்கலாம்.