மாடே நிற்கும் மண்டி
(கோபியில் வணிகர் கூட்டமொன்றில் பேசியது)

அவைத் தலைவர் அய்யா அவர்களுக்கும், குத்துவிளக்கேற்றிய நகர்மன்றத் தலைவர் அவர்களுக்கும், ஏல நாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் வேளாண் விற்பனைத் துறை அலுவலர் அவர்களுக்கும், பொன்னாடை போர்த்திய அரிமா சங்கத்தாருக்கும் (சென்னிமலைத் துண்டாக இருந்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்) வணக்கமுங்க. பெயர் விடுபட்டவர்கள் பொறுத்துக்கொள்ளணும்.

மூன்று செய்தி சொல்ல வந்தேன்: கூகுள் மேல் வந்த அமெரிக்கத் தீர்ப்பு, நம்ம நாட்டு ஆணை, உங்கள் செல்போனில் நீங்கள் மாற்ற வேண்டியது.

புதுப் போனில் எதைத் தேடினாலும் கூகுளில்தான் போய் நிற்கிறது. அது விலைக்கு வாங்கிய இடமுங்க. போன்களிலும் பிரவுசர்களிலும் முதல் தேடுபொறியாக இருக்க, 2021இல் அந்த நிறுவனம் கொடுத்தது 2,630 கோடி டாலர். மறு ஆண்டு ஆப்பிளுக்கு மட்டும் சுமார் 2,000 கோடி. எல்லாம் விளம்பர வருமானத்தில் கொடுக்கிற பங்கு. நம்ம கடைவீதிக்காரர் விளம்பரத்துக்குக் கட்டும் ரூபாயும் அதில் சேர்த்தி. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதை!

எங்கள் அப்பிச்சி, அம்மாவைப் பெற்றவர், ஒரு தடவை மஞ்சள் மூட்டையோடு ஈரோட்டுக்கு வண்டி பூட்டிப் போனார். வாடகை வண்டி. வழியில் மண்டி மேல் மண்டி. ஒன்றிலும் நிற்கவில்லை. "ஏனப்பா, இங்கே விசாரிக்கலாமே?" என்றதற்கு வண்டிக்காரர், "மாடு நிக்கமாட்டேங்குதுங்க" என்றாராம். கடைசியில் ஒரு மண்டி வாசலில் கயிற்றை இழுக்காமலே மாடு நின்றது. உள்ளே மாட்டுக்குப் பருத்திக்கொட்டை, வண்டிக்காரருக்கு இட்லியும் மூட்டைக்கு இவ்வளவு என்று கைக்காசும். அன்று விலை போட்டவர் அந்த மண்டிக்காரர் ஒருவர்தான். இட்லிக் காசு யார் மூட்டையில் கழிந்தது? கடைத் தேங்காய், வழிப்பிள்ளையார்!

கூகுள் செய்த இந்த வேலையைத்தான் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் சட்டவிரோதம் என்றார். 2025 செப்டம்பரில், பிறரை அடைக்கும் ஒப்பந்தம் கூடாது, காசு கொடுப்பது மட்டும் தொடரலாம் என்றார். எனக்கு அதில் திருப்தி இல்லை. பருத்திக்கொட்டை இருக்கும்வரை மாடு அங்கேதான் நிற்கும். வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் நம்ம நாட்டுப் போட்டி ஆணையமும் 2022இல் ஆண்ட்ராய்டு வழக்கில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அது தனிக் கதை.

"வேண்டாமென்றால் மாற்றிக்கொள்ளலாமே" என்பார்கள். அப்பிச்சியும் வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கலாம்தான். அடுத்த மண்டியின் விலை தெரியாமல் எப்படிச் சொல்வார்? அதனால்தான் நான் போகிற மேடையெல்லாம் கேட்கிறேன்: ஊராட்சிக்கு ஒரு விலைப்பலகை. ஈரோடு, பெருந்துறை, கோபி ஏலங்களில் மஞ்சள் விரலி என்ன விலை, கிழங்கு என்ன விலை என்று அன்றன்றைக்குச் சாயங்காலம் சாக்பீஸில் எழுதினால் போதும். மனு தயாராக இருக்கிறது. அலுவலர் அய்யா இங்கேயே இருக்கிறார். மேடைக்கு இடப்பக்க மேசையில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்க. செல்போன் விஷயத்தைப் பந்தியில் கேளுங்கள், சொல்கிறேன்.