பங்குப் போட்டியில ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கினவர்கிட்ட உங்க காசைக் கொடுக்காதீங்க! | டம்மி பணத்துல நிஜப் பாடம்

[திரையில்: ஒரு ரூபாய் நாணயம் சுண்டப்படுகிறது]

பூவா தலையா?

64 பேர் இருக்கிற ஒரு வகுப்பு. எல்லார் கையிலயும் ஒரு ரூபாய் காசு. எல்லாரும் எழுந்து நின்னு சுண்டுங்க. தலை விழுந்தவங்க உட்காருங்க, பூ விழுந்தவங்க நில்லுங்க. சராசரியா 32 பேர் நிப்பாங்க. மறுபடி சுண்டுங்க: 16. அப்புறம் 8, 4, 2. ஆறாவது தடவை ஒரே ஒருத்தர் நிப்பார். ஆறு தடவையும் பூ!

இப்ப அவர்கிட்டப் போய், "அண்ணே, காசு சுண்டுற டெக்னிக்கைக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க"ன்னு கேட்பீங்களா? மாட்டீங்க. ஆனா அதே 64 பேருக்கு டம்மி பணம் கொடுத்து ஆறு வாரம் பங்குப் போட்டி வச்சா, ஆறு வாரமும் லாபம் காட்டினவரை மேடையேத்தி மாலை போடுறோம். மறுவாரமே அவர் பேச்சைக் கேட்டு நாலு பேர் நிஜப் பணத்தைப் போடுறாங்க.

வணக்கம் மக்களே. மதுரையில பல காலேஜ்ல, நண்பர்கள் குழுவுல, ஆபீஸ்ல இந்த மாதிரிப் போட்டி நடத்தணும்னு நினைக்கிறாங்க. நல்ல விஷயம். பங்குச் சந்தையைத் தொட்டுப் பார்க்க இதைவிடச் செலவில்லாத வழி கிடையாது. ஆனா சாதாரணமா நடத்துற விதத்துல நடத்தினா, புதுசா வர்றவங்க தப்பான பாடத்தைத்தான் கத்துக்கிட்டுப் போவாங்க. எங்க கோளாறு, எப்படிச் சரி பண்றதுன்னு இன்னைக்குப் பார்த்துடலாம்.

அடிப்படையை ஓட்டமா முடிச்சுடுறேன். பங்குன்னா ஒரு கம்பெனியோட சின்னத் துண்டு. அதை வைக்கிற பெட்டி டீமேட் கணக்கு, வாங்கிக் கொடுக்கிறவர் புரோக்கர். என்எஸ்இ, பிஎஸ்இங்கிற ரெண்டு எக்ஸ்சேஞ்சும், அதாவது பங்குச் சந்தைகளும், காலை 9.15-ல இருந்து மாலை 3.30 வரை. 2023 ஜனவரி 27-ல இருந்து, வாங்கின பங்கு அடுத்த வேலை நாளே கணக்குக்கு வந்துடும். போதும்.

அடுத்தது முக்கியம், இதைத் தாண்டிப் போயிடாதீங்க. நுழைவுக் கட்டணம் வாங்கிட்டு, "பங்கு விலையை வச்சு விளையாடு, பரிசு அள்ளு"ன்னு சொல்ற ஆப்கள் நிறைய இருக்கு. லிஸ்ட் ஆன பங்குகளோட விலையை வச்சு நடத்துற விர்ச்சுவல் டிரேடிங், பேன்டசி கேம் பக்கம் போகாதீங்கன்னு 2024 நவம்பர் 4-ம் தேதி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற அமைப்பான செபி எச்சரிக்கையே விட்டிருக்கு. அங்க பணம் போச்சுன்னா செபியோட முதலீட்டாளர் பாதுகாப்பும் வராது, எக்ஸ்சேஞ்ச்ல புகாரும் எடுபடாது. அதனால நம்ம போட்டிக்குக் கட்டணம் கிடையாது, பணப் பரிசு கிடையாது, ஆப்பே தேவையில்லை. ஒரு எக்செல் ஷீட்டும் ஒரு வாட்ஸ்அப் குழுவும் போதும்.

சரி, இப்ப எல்லாரும் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வாங்க.

[திரையில்: மல்லிகைக் கூடைகள்]

மல்லி என்ன விலைன்னு கேட்டா, "கிலோ 800"ங்கிறாங்க. டம்மி போட்டியில என்ன நடக்கும்? திரையில 800-னு இருக்கும். நீங்க 30 கிலோன்னு அடிச்சா 30 கிலோவும் 800 ரூபாய்க்கே கிடைச்சுடும். மொத்தம் 24,000. ஜோலி முடிஞ்சது.

நிஜத்துல என்ன நடக்கும்? 800 ரூபாய்க்கு விக்கிறவர்கிட்ட இருக்கிறதே 5 கிலோதான். பக்கத்துக் கடைக்காரர்கிட்ட 10 கிலோ இருக்கு, அவர் 850-க்குக் குறைச்சுத் தரமாட்டார். அங்கிட்டு இன்னொருத்தர் 20 கிலோ வச்சிருக்கார், 900. உங்களுக்கு 30 கிலோ வேணும்னா 5 கிலோவுக்கு 4,000, 10 கிலோவுக்கு 8,500, மிச்சம் 15 கிலோவுக்கு 13,500. கூட்டினா 26,000 ரூபாய். போர்டுல போட்ட விலையைவிட 2,000 ரூபாய் ஜாஸ்தி, அதாவது 8 சதவீதத்துக்கும் மேல. விலை ஏறுனதுக்குக் காரணம் வேற யாரும் இல்ல, நீங்கதான். பங்குச் சந்தையில இதுக்குப் பேரு ஸ்லிப்பேஜ்.

இன்னொண்ணு. 800-க்கு வாங்கின பூவை அந்த நிமிஷமே திருப்பி விக்கப் பாருங்க. "760-னா எடுத்துக்கிறேன்"பாங்க. பூ வாடல, மார்க்கெட் விழல, ஆனா கிலோவுக்கு 40 ரூபாய் போச்சு. வாங்குறவர் கேட்கிற விலைக்கும் விக்கிறவர் சொல்ற விலைக்கும் நடுவுல இருக்கிற இந்த இடைவெளிக்கு ஸ்பிரெட்னு பேரு. நல்லா ஓடுற பெரிய பங்குல இது சில பைசாதான். ஓட்டமில்லாத சின்னப் பங்குல இதுவே உங்க லாபத்தை முழுங்கிடும்.

இதே ஊர்ல ஒரு நிஜ உதாரணம் சொல்றேன். மேல வெளி வீதி முகவரியில இருக்கிற டிவிஎஸ் ஸ்ரீசக்ரா, வெள்ளரிப்பட்டியில டயர் பண்ற கம்பெனி. அதோட மொத்தப் பங்குகளே சுமார் 76.5 லட்சம்தான். அதுலயும் கணிசமான பகுதி புரமோட்டர் (கம்பெனியைக் கட்டுப்படுத்துற குடும்பம்) கையில இருக்குறதால, தினம் கை மாறுறது கொஞ்சம்தான். கம்பெனி நல்லதா கெட்டதாங்கிறது வேற பேச்சு, வாங்குங்கன்னோ விக்குங்கன்னோ சொல்ல வரல. நான் சொல்ல வர்றது இதான்: ஒரு கோடி டம்மி ரூபாயைக் கையில கொடுத்தா, ஒரு மாணவர் இந்த மாதிரிப் பங்கைக் கூசாம மொத்தமா அள்ளிடுவார். நிஜ மார்க்கெட்ல அந்த அளவுக்கு விக்க ஆளே இருக்காது.

பூ மார்க்கெட் பாடம் இன்னும் முடியல. மார்கழி, தை பனியில மல்லி வரத்து சுருங்கும், பொங்கல் நேரத்துல விலை எங்கயோ போயிடும். அன்னைக்குக் காசு வச்சிருந்தும் பூ கிடைக்காம திரும்புறவங்க உண்டு. பங்குலயும் இது நடக்கும். நிறையப் பங்குகளுக்கு ஒரு நாள்ல இத்தனை சதவீதத்துக்கு மேல ஏறக் கூடாது, இறங்கக் கூடாதுன்னு வரம்பு இருக்கு: 2, 5, 10, 20 சதவீதம்னு. மேல் வரம்பைத் தொட்டு நின்னா வாங்க ஆள் வரிசை கட்டும், விக்க ஆள் இருக்காது. கீழ் வரம்புல நின்னா உங்ககிட்ட இருக்கிறதை வாங்கிக்க ஆள் இருக்காது. நாள்கணக்கா மாட்டிக்குவீங்க. டம்மி ஷீட்டுக்கு இது தெரியவே தெரியாது. "வித்துட்டேன்"னு எழுதினா வித்ததா எடுத்துக்கும். புதுசா வர்றவங்க சின்னப் பங்கு ராக்கெட்டுல ஏறி, "நமக்குத்தான் வேகமா வெளிய வரத் தெரியுமே"ன்னு நம்புறது இங்க இருந்துதான் ஆரம்பிக்குது.

இப்ப இதையெல்லாம் அடைக்கிற விதிகள்.

ஆரம்பப் பணம் ஒரு லட்சம், அதுக்கு மேல வேண்டாம். ஒரு மாணவர் வேலைக்குப் போய் ரெண்டு வருஷத்துல நிஜமா சேர்க்கக் கூடிய தொகை எதுவோ அதைக் கொடுங்க. கோடிக்கணக்குல கொடுத்தா யாரும் மதிக்கமாட்டாங்க.

ஆர்டர்களை ராத்திரி 9 மணிக்குள்ள குழுவுல எழுதிடணும். எந்தப் பங்கு, எத்தனை, வாங்கவா விக்கவா. வாட்ஸ்அப்ல நேரம் தானாப் பதிவாகும், அழிச்சா தெரிஞ்சுடும். கணக்குல ஏத்துறது மறுநாள் தொடக்க விலையில. அன்னைக்கு முடிஞ்ச விலையில ஏத்தவே ஏத்தாதீங்க. சாயங்காலம் நல்ல செய்தி ஒண்ணு வந்துருச்சு, அதைப் படிச்சுட்டு 3.30 மணி விலைக்கு வாங்கினா, அது விடைத்தாளைப் பார்த்துட்டு பரீட்சை எழுதுற மாதிரி. இந்த ஒரு ஓட்டையாலதான் பல போட்டிகள்ல நம்ப முடியாத லாபம் வருது.

விலை எங்க கிடைக்கும்? என்எஸ்இ இணையதளத்துல தினமும் சந்தை முடிஞ்சதும் 'பவ்காப்பி'ன்னு ஒரு கோப்பு வெளியிடுறாங்க. இலவசம். எக்செல்ல அப்படியே திறக்கலாம். தொடக்க விலை, உச்சம், தாழ்வு, முடிவு விலை, எத்தனை பங்கு கை மாறுச்சு எல்லாம் வரிசையா இருக்கும். குழுவுல ஒருத்தர் தினம் பத்து நிமிஷம் ஒதுக்கினா போதும்.

ஸ்லிப்பேஜுக்கு, நிஃப்டி 50-ல (என்எஸ்இ-யோட 50 பெரிய கம்பெனிப் பட்டியல்) இருக்கிற பங்குன்னா தொடக்க விலையோட 0.1 சதவீதம், மத்ததுக்கு 0.5 சதவீதம் சேர்த்து வாங்கினதா எழுதுங்க. விக்கும்போது அதே அளவு குறைச்சு எழுதுங்க. அன்னைக்கு மொத்தம் கை மாறின பங்குகள்ல ஒரு சதவீதத்துக்கு மேல ஒருத்தர் வாங்கக் கூடாது. மேல் வரம்புல பூட்டி நிக்கிற பங்கை வாங்க முடியாது, கீழ் வரம்புல நிக்கிறதை விக்க முடியாது. ஆர்டர் ரத்து, அவ்வளவுதான். ஒரே பங்குல 15 சதவீதத்துக்கு மேல போடக் கூடாது.

அடுத்து செலவு. டெலிவரியா, அதாவது அன்னைக்கே விக்காம கணக்குல வச்சுக்கிற மாதிரி, வாங்கினாலும் வித்தாலும் எஸ்டிடிங்கிற பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம். வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம். விக்கும்போது டீமேட்ல இருந்து பங்கு வெளிய போறதுக்கு டிபி கட்டணம், புரோக்கரைப் பொறுத்து கொஞ்சம் மாறும், 18 ரூபாய்னு வச்சுக்குவோம். ஷீட்டுல எளிமையா, வாங்கினா 0.12 சதவீதம், வித்தா 0.1 சதவீதமும் 18 ரூபாயும் கழிங்க. 15,000 ரூபாய்க்கு வாங்கி அதே விலைக்கு வித்தா 18, 15, 18, ஆக 51 ரூபாய் காலி. சின்னதாத் தெரியுதா? அதே 15,000-ஐ மாசத்துல எட்டுத் தடவை புரட்டினா 408 ரூபாய். அதாவது 2.7 சதவீதம் ஒரே மாசத்துல போயிடுது. பெரிய வங்கிகள் சேமிப்புக் கணக்குக்கு ஒரு வருஷம் முழுக்கத் தர்ற வட்டியே கிட்டத்தட்ட அவ்வளவுதான்! இதுல புரோக்கரேஜ், ஜிஎஸ்டி, லாபத்துக்கான வரி எதையும் நான் சேர்க்கவே இல்ல. இந்தக் கழிவு இல்லாத போட்டி, "அடிக்கடி வாங்கு, அடிக்கடி வில்லு"ங்கிற பழக்கத்தைத்தான் வளர்க்கும்.

எத்தனை நாள்? 12 வாரம், ஜூலை முதல் வாரம் ஆரம்பிங்க. மார்ச் தவிர மத்த காலாண்டு முடிஞ்ச 45 நாளுக்குள்ள கம்பெனிகள் ரிசல்ட், அதாவது அந்த மூணு மாச லாப நட்டக் கணக்கு, சொல்லியாகணும். ஜூன் காலாண்டு ரிசல்ட் ஆகஸ்ட் 14-க்குள்ள வந்துடும். வாங்கின கம்பெனியோட ஒரு ரிசல்ட்டையாவது கையில வச்சுப் பார்க்காம போட்டி முடிஞ்சா, அது வெறும் விலை வேடிக்கைதான்.

இப்ப ஆரம்பத்துல சொன்ன பூவா தலையாவுக்கு வருவோம். லாபம் யாருக்கு அதிகமோ அவருக்குப் பரிசுன்னு சொன்ன நிமிஷமே போட்டி கெட்டுப் போச்சு. ஏன்னா டம்மி பணத்துல கடைசியா வந்தாலும் இழப்பு கிடையாது, பத்தாவதா வந்தாலும் கைதட்டல் கிடையாது. அப்ப புத்திசாலி என்ன செய்வார்? எது கண்டபடி ஆடுதோ அதுல எல்லாத்தையும் கொட்டுவார். போட்டி ஜெயிக்க அதான் சரியான வழி. வீட்டுப் பணத்தைக் காலி பண்ணவும் அதான் சரியான வழி.

அதனால மார்க்கை மாத்துங்க. 100-க்கு 40 மார்க் டைரிக்கு. வாங்கறதுக்கு முன்னாடியே அஞ்சு வரி: கம்பெனி எதை வித்துச் சம்பாதிக்குது, இந்த விலையில ஏன் வாங்குறேன், எத்தனை சதவீதம் போடுறேன், எவ்வளவு காலம் வச்சிருப்பேன், என்ன நடந்தா என் கணிப்பு தப்புன்னு ஒத்துக்குவேன். அஞ்சாவது வரிதான் உயிர், பெரும்பாலானவங்க காலியா விடுறதும் அதைத்தான். "தங்கமயில்ல அட்சய திருதியைக்குக் கூட்டம் அலைமோதுது, அதனால வாங்குறேன்"னு எழுதினா மார்க் பூஜ்யம். அந்தக் கூட்டம் ஊருக்கே தெரியும், விலைக்கும் ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும். நகைக் கடைக்கு இருப்பு தங்கமாவே கிடக்குது, தங்க விலை ஏறி இறங்கினா லாபம் என்னாகும்னு ஒரு வரி எழுதினா, அது யோசனை.

25 மார்க் டிராடவுனுக்கு. உங்க மொத்தக் கணக்கு உச்சத்துல இருந்து அதிகபட்சம் எவ்வளவு விழுந்துச்சுங்கிறதுதான் அது. ஒரு லட்சம் 1,08,000 ஆகி, அப்புறம் 97,200-க்கு வந்தா வீழ்ச்சி 10 சதவீதம். 10 விழுந்தா மீள 11.1 ஏறணும், 50 விழுந்தா 100 ஏறணும். இதைக் கரும்பலகையில ஒரு தடவை போட்டுக் காட்டுங்க, வகுப்பே அமைதியாயிடும்.

15 மார்க் விதிகளைச் சரியாக் கடைப்பிடிச்சதுக்கு. மிச்ச 20 மார்க் நம்ம 'சும்மா மாமா'வை முந்தினதுக்கு. யார் அந்த மாமா? ஷீட்டுல கூடுதலா ஒரு போட்டியாளரைச் சேருங்க. முதல் நாள் நிஃப்டி 50 இடிஎஃப்ல (அந்த 50 கம்பெனிப் பங்கையும் சேர்த்து வச்சிருக்கிற, ஒரு பங்கு மாதிரியே வாங்கக் கூடிய ஃபண்ட்) முழுப் பணத்தையும் போட்டுட்டு, 12 வாரமும் வெத்தலை போட்டுத் திண்ணையில உட்கார்ந்துடுவார். 15 சதவீத வரம்பு அவருக்கு மட்டும் கிடையாது, ஏன்னா அந்த ஒரு யூனிட்டுக்குள்ளயே 50 கம்பெனி இருக்கு. செலவு ஒரே தடவை, பதற்றம் பூஜ்யம். இந்த மொத்த ஏற்பாட்டுலயும் எனக்கு ரொம்பப் பிடிச்ச பாத்திரம் அவர்தான்.

நடுவுல ஒரு நாள் கட்டாயம் ஒரு களேபரம் வரும். யாராவது ஒருத்தர் பங்கு ராத்திரியோட ராத்திரி பாதி விலைக்கு வந்திருக்கும். பயப்படாதீங்க, பெரும்பாலும் அது 1:1 போனஸா (ஒரு பங்குக்கு ஒரு பங்கு இலவசம்) இருக்கும், இல்லைன்னா ஸ்பிளிட்டா (ஒரு பங்கை ரெண்டாப் பிரிக்கிறது) இருக்கும். 100 பங்கு 200 ஆகியிருக்கும், ஷீட்டுல நீங்க எண்ணிக்கையை மாத்தல. இந்த மாத்தம் விலையில தெரியுற நாளான எக்ஸ் தேதியை என்எஸ்இ-யோட கார்ப்பரேட் ஆக்‌ஷன் பக்கத்துல வாரம் ஒரு தடவை பார்த்துக்குங்க. டிவிடெண்ட் (கம்பெனி லாபத்துல இருந்து தர்ற காசு) வந்தா அதையும் ரொக்கத்துல சேருங்க.

எஃப் அண்ட் ஓ, அதாவது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்ங்கிற ஒப்பந்த வர்த்தகம், வேண்டாம். 2022-ல இருந்து 2024 வரையிலான மூணு நிதியாண்டுல தனிநபர்கள்ல 93 சதவீதம் பேர் அதுல நஷ்டம்னு செபியே கணக்கு எடுத்துச் சொல்லிடுச்சு.

12 வாரம் முடிஞ்சதும் நிஜக் கணக்கு திறக்க ஆசைப்பட்டா, பிஎஸ்டிஏங்கிற அடிப்படை டீமேட் கணக்கு கேளுங்க. இருப்பு 4 லட்சம் வரை ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கிடையாது. முதல் ஆர்டர் ஒரே ஒரு பங்கு வாங்குங்க, மறுநாள் காண்ட்ராக்ட் நோட்டை (புரோக்கர் அனுப்புற கணக்குச் சீட்டு) திறந்து வச்சு, நம்ம ஷீட்டுல கழிச்ச செலவோட ஒப்பிட்டுப் பாருங்க.

உங்க குழுவுல போட்டி நடத்தினா, கடைசி நாள் பட்டியல்ல சும்மா மாமா எத்தனாவது இடம்னு கீழ எழுதுங்க. அவரை எத்தனை பேர் முந்தினாங்க, அதுல எத்தனை பேர் டைரியில அஞ்சாவது வரியை நிரப்பியிருந்தாங்கன்னும் சேர்த்து எழுதுங்க. எனக்கு அந்த ரெண்டாவது எண்தான் வேணும்.