கூண்டை எண்ணினால் போதுமா? பொலினாவ் கடலின் கணக்கு

[காட்சி: மேலிருந்து கடல், வரிசை வரிசையாக மீன் கூண்டுகள்]

வணக்கம். இது பிலிப்பைன்ஸில், பங்கசினான் மாகாணத்தில் இருக்கும் பொலினாவ். இங்கே கடலில் கூண்டும் வலைத் தடுப்பும் போட்டு வளர்ப்பது பால்கெண்டை மீன்.

கூண்டு போட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? தலைநகர் மணிலா வரை போக வேண்டாம், உள்ளூர் நகராட்சி போதும். 1991 உள்ளாட்சிச் சட்டமும் 1998 மீன்வளச் சட்டமும் கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரையுள்ள கடலை நகராட்சியின் பொறுப்பில் விட்டிருக்கின்றன. உரிமம் கொடுப்பதும் கட்டணம் வசூலிப்பதும் அவர்கள்தான். ஆனால் மேயர் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஓட்டுக் கேட்டும் போக வேண்டுமே! கூண்டைப் பிரிக்கச் சொல்வது அவ்வளவு லேசா?

பொலினாவைத் திட்டமில்லாத ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே வரவிருந்த சிமென்ட் ஆலையை ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். 1996-இல் அதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி மறுக்கப்பட்டது. கடலோரத்துக்கென்றே திட்டம் எழுதி, மண்டலமும் பிரித்தார்கள். பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வுக்கூடமும் ஊரிலேயே இருக்கிறது. கூண்டு, தடுப்புகளுக்கு வைத்த உச்சவரம்பு 544. 2001-இல் கடலில் இருந்தவை 1,170.

[காட்சி: விடியற்காலை, கூண்டுக்குள் நீர்மட்டம்]

தண்ணீருக்குள் நடப்பது இதுதான். போட்ட தீனியில் ஒரு பங்கு அப்படியே அடியில் இறங்கும், கழிவும் சேரும். அது அழுகும்போது ஆக்சிஜனை இழுக்கும். பெருகிய பாசியும் ராத்திரியில் ஆக்சிஜனை எடுக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். பார்த்ததும் பண்ணைக்காரருக்கு விஷயம் புரிந்துவிடும். அட்டமி, நவமியை ஒட்டி ஏற்றவற்றம் மந்தமாக இருக்கும் நாட்களில், தீவுகளுக்கு நடுவே தண்ணீர் சரியாக மாறாது. 2002 பிப்ரவரியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போனது. மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. 2010-இலும் 2011-இலும் மறுபடியும் அதே கதை.

என்னைக் கேட்டால், கூண்டை எண்ணுவதே அரைகுறை வேலை. 544 கூண்டுக்குள்ளேயே குஞ்சை இரண்டு மடங்கு விட்டு, தீனியையும் இரண்டு மடங்கு கொட்டினால் காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும், கடல் தாங்காது. எத்தனை குஞ்சு விடலாம், மாதம் எத்தனை மூட்டை தீனி போடலாம் என்று உரிமத்திலேயே எழுத வேண்டும். மூட்டை படகில் ஏறும் துறையிலேயே கணக்கெடுத்துவிடலாம். கடலுக்குள் போய்க் கூண்டு எண்ணுவதைவிட அது சுலபம். ஆக்சிஜன் இறங்கும்போது தீனியை நிறுத்து என்று சொல்ல ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும்.

[காட்சி: வரைபடம், இரண்டு நகராட்சிகள்]

அப்புறம் இன்னொன்று. பக்கத்திலேயே அண்டா என்ற தனி நகராட்சி, அங்கேயும் கூண்டுகள். பொலினாவ் குறைத்து அண்டா கூட்டினால் என்ன பயன்? இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே உச்சவரம்பு வேண்டும். உரிமம் புதுப்பிக்கும் முன்னால், ஆய்வுக்கூடம் எடுத்த அளவைப் பார்த்து அதைத் திருத்த வேண்டும். கட்டண வருமானத்தை யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பதில்தான் இழுபறி வரும். அதை முதல் கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுவது நல்லது.